உறைபனிக் காலத்தில் கோழியின் காலையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உறைபனி தொடங்கியதும் நாளிதழ்களின் நீலகிரிப் பக்கங்களில் ஆண்டுதோறும் சில செய்திகள் தவறாமல் வருகின்றன. தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல்வெளி வெண்மையாகக் கிடக்கும் படம், தேயிலைக் கொழுந்து கருகிய செய்தி, மலைக் காய்கறிக்கு ஏற்பட்ட சேதம், உதகை தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளுக்கு மிலார் செடிகளைப் போர்த்திப் பனியிலிருந்து காக்கும் பணி ஆகிய எல்லாவற்றையும் நான் ஆர்வத்தோடு படிக்கிறேன். ஆனால், இந்த மாவட்டத்தின் ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களிலும், தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலும், உதகை, குன்னூர், கோத்தகிரி நகரங்களின் ஓரத்துத் தெருக்களிலும் வீட்டுக்குப் பின்னால் வளரும் கோழிகளைப் பற்றி அந்த மூன்று மாதங்களில் ஒரு வரியைக்கூடக் காண முடிவதில்லை. அந்தக் கோழிகள் தரும் முட்டைக் காசு பெரும்பாலும் பெண்களின் கையில் நேரடியாகச் சேர்வது. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் பஸ் செலவுக்கும் உதவுவது. அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

கோத்தகிரி வட்டாரத்தில் பல ஆண்டுகளாக நாட்டுக் கோழி வளர்த்து வருபவள் நான். மகளிர் குழுக்களில் கோழி வளர்க்கும் மற்றவர்களின் வீடுகளுக்கும் அவ்வப்போது சென்று வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் காதில் விழும் விளக்கம் ஒன்றுதான். கோழி நொண்டினாலும், முட்டை குறைந்தாலும், ஒரு மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றாலும், காலையில் செத்துக் கிடந்தாலும், "குளிர் அடிச்சிருச்சு அக்கா" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. இறகு முழுமையாக மூடிய, வயிறு நிறையத் தின்ற, உலர்ந்த இடத்தில் காற்று நேராக அடிக்காமல் அடைந்திருக்கும் வளர்ந்த கோழி, நம் மலையின் உறைபனி இரவைத் தாங்கிக்கொள்ளும். அதன் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதைக் காக்கும் போர்வை அதன் இறகுகளுக்கு இடையே தங்கும் காற்று. குளிரில் விழும் கோழிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே காலிலோ இறகுக்கு அடியிலோ குடலிலோ ஏதோ ஒரு தொல்லையைச் சுமந்துகொண்டிருந்தவையே. அதை நாம் பார்ப்பதில்லை. பார்க்காததற்குக் காரணம், நாம் கோழியைக் கையில் எடுப்பதே இல்லை என்பதுதான். தீனி போடும்போது தொலைவிலிருந்து எண்ணிக்கையைச் சரிபார்ப்பதோடு நம் கவனிப்பு முடிந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் அதிகமாகக் கவனிக்கப்படாமல் விடப்படுவது கால். முட்டிக்குக் கீழே இறகு இல்லாத பகுதியில், ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் செதில்களுக்கு அடியில் குடியேறும் ஒரு சிற்றுண்ணி உண்டு. நெமிடோகாப்டஸ் மியூட்டன்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். நம் ஊரில் செள்ளு என்ற பொதுப் பெயருக்குள் இதையும் அடக்கிவிடுகிறார்கள். உருவத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் இராது என்பதால் வெறுங்கண்ணால் அதைப் பார்த்துப் பிடிக்க முடியாது. அது செய்யும் வேலையைத்தான் பார்க்க முடியும். பெண் உண்ணி தோலைக் குடைந்து உள்ளே போய், அங்கேயே பெருகுகிறது. அதன் வாழ்க்கை முழுவதும் கோழியின் காலிலேயே கழிகிறது. குடையப்பட்ட தோலிலிருந்து கசியும் நீரும் உதிரும் தோலும் உண்ணியின் கழிவும் சேர்ந்து, செதிலுக்கு அடியில் மாவுபோல் படிந்து, செதிலை மேல்நோக்கித் தள்ளுகின்றன. முதலில் ஓரிரு செதில்களின் விளிம்பு மட்டும் தூக்கி நிற்கும். பின்பு சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் பொருக்குக் கட்டும். கவனிக்காமல் விட்டால் கால் இரு மடங்கு பருமனாகத் தோன்றும், விரல் மடங்காது, கோழி கம்பின்மேல் ஏறி அடைய முடியாமல் தரையிலேயே உட்காரும். முற்றிய நிலையில் விரல் நுனிகள் உதிர்ந்துபோவதும் உண்டு. இது மெதுவாக வளரும் நோய். மாதக்கணக்கில், சில கோழிகளில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ஆகவே ஐப்பசியில் தொடங்கியது தை மாதத்தில்தான் நொண்டலாகக் கண்ணில் படுகிறது. பழியைக் குளிர் சுமக்கிறது.

இந்த உண்ணி ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்கு நெருங்கிய தொடர்பால் பரவுவது. நம் மலையில் குளிர்காலத்தில் கோழிகள் எப்படி அடைகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். பத்துக் கோழிக்குப் போதுமான கம்பு இருந்தாலும் எல்லாமே ஒரு முனையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கால்களின்மேல் வயிற்றைப் பரப்பி உட்காரும். மாலை ஆறு மணிக்கு அடைந்தால் மறுநாள் வெயில் ஏறும்வரை அந்த நெருக்கம் நீடிக்கிறது. இதோடு, மண்ணில் புரண்டு குளிக்கும் வாய்ப்பும் அந்தக் காலத்தில் குறைந்துபோகிறது. குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளுக்கு வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் நன்றாகப் பெய்கிறது. மழை ஓய்ந்ததும் பனி தொடங்கிவிடுவதால், முற்றத்து மண் உலர்வதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. புழுதிக் குளியல் இல்லாத கோழிக்குப் பேனும் உண்ணியும் பெருகும் என்பது வளர்ப்பவர்கள் அனைவரும் கண்ணால் கண்ட உண்மை. காலிலும் இறகு உள்ள பிரம்மா, கொச்சின், சில்கி போன்ற அழகு இனங்களை இப்போது மலையில் பலர் விரும்பி வாங்குகிறார்கள். அவற்றின் கால் இறகு ஈரத்தையும் சேற்றையும் பிடித்துவைப்பதோடு, செதிலில் நடப்பதையும் மறைத்துவிடுகிறது. செதில் உண்ணிக்கு அவை எளிதில் ஆளாகின்றன என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. சந்தையில் வாங்கி வந்த கோழியை அன்று மாலையே கூட்டத்தோடு சேர்த்து அடைப்பது நம் வழக்கம். குறைந்தது இரண்டு மூன்று வாரங்கள் தனியாக வைத்து, காலைப் பார்த்து, எச்சத்தைப் பார்த்து, அதன் பிறகு சேர்த்தால் எவ்வளவோ தொல்லையைத் தவிர்க்கலாம்.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். கோழிகள் அடைந்து அரை மணி நேரம் கழித்து, ஒரு கைவிளக்கோடு கூட்டுக்குள் போனால் துரத்தாமல், பதறவிடாமல் ஒவ்வொன்றாக எடுக்கலாம். இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்துப் பிடித்து, இடது கை விரல்களுக்கு இடையே இரண்டு கால்களும் வரும்படி வைத்துக்கொண்டு, விளக்கொளியைக் காலின்மேல் நேராகப் பாய்ச்சாமல் பக்கவாட்டிலிருந்து காட்ட வேண்டும். அப்போதுதான் தூக்கி நிற்கும் செதிலின் நிழல் தெரியும். நலமான கால் வழவழப்பாக, செதில்கள் படிந்து, கட்டைவிரலை விரல் பக்கமிருந்து மேல்நோக்கி நகர்த்தினாலும் சொரசொரப்பு இல்லாமல் இருக்கும். உண்ணி பிடித்த காலில் அதே கட்டைவிரலுக்கு அரம் தட்டுப்படுவதுபோல் ஒரு தடை தெரியும். கண்ணுக்குப் பொருக்கு தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே விரல் இதைக் கண்டுபிடித்துவிடும் என்பதால்தான், பார்ப்பதோடு நிறுத்தாமல் தடவவும் வேண்டும் என்கிறேன். வயது முதிர்ந்த கோழிகளிடம் செதில் இயல்பாகவே சற்றுத் தடித்திருக்கும்; அதை நோய் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஐயம் தீரும். பாதத்தைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் கறுப்பு நிறப் பொருக்கோடு வீக்கம் இருந்தால் அது உண்ணி அல்ல, முள்ளோ கல்லோ குத்திய வழியே கிருமி புகுந்து உண்டான பாதப் புண். தையல் இயந்திரம் உள்ள வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது: நூலோ தலைமுடியோ விரலில் சுற்றி இறுகி, விரல் கறுத்துப்போகும். இதுவும் வெளியிலிருந்து பார்த்தால் "குளிரில் நொண்டுகிறது" என்றுதான் தோன்றும்.

மருத்துவத்தைப் பற்றி எழுதுவதற்குமுன், செய்யக் கூடாதவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனெனில் உண்ணியைவிட அதிகக் கேட்டை அவை விளைவிப்பதை நான் கண்டிருக்கிறேன். மண்ணெண்ணெயிலும் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலிலும் கோழியின் காலை முக்குவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. அது புண்பட்ட தோலை எரிக்கிறது. கோழி அலகால் காலைக் கொத்தும்போது வயிற்றுக்குள்ளும் போகிறது. இதைவிடக் கொடியது, கேரட், உருளைக்கிழங்குக்குத் தெளிக்க வாங்கிய பூச்சிமருந்தில் மீதமானதைத் தண்ணீரில் கலந்து கோழியைக் குளிப்பாட்டுவது. பயிருக்கான நஞ்சைக் கோழியின்மேல் ஊற்றிவிட்டு, அந்தக் கோழியின் முட்டையைப் பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கிறோம் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் யாருக்கும் கை வராது. பொருக்கை நகத்தால் பிய்த்து எடுப்பதும் தவறு. அடியில் உள்ள பச்சைத் தோல் கிழிந்து இரத்தம் வரும். இரத்தத்தைக் கண்ட மற்றக் கோழிகள் கொத்தத் தொடங்கிவிடும்.

சரியான முறை எளிமையானது, பொறுமையை மட்டும் கேட்பது. கோழியைப் பார்ப்பது மாலையில் என்றாலும், மருந்திடுவது நல்ல வெயில் உள்ள நண்பகலில்தான் இருக்க வேண்டும். ஈரக் காலோடு உறைபனி இரவுக்குள் கோழியை அனுப்பக் கூடாது என்பதே காரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சோப்புக் கரைத்து, கால் மட்டும் மூழ்கும்படி சில நிமிடங்கள் வைத்திருந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் செதிலின் போக்கிலேயே மெல்லத் தேய்த்தால், கழன்று வரவேண்டிய பொருக்கு தானே கழன்றுவரும். வராததை அடுத்த முறைக்கு விட்டுவிடலாம். துணியால் நன்றாகத் துடைத்து, வெயிலில் உலரவிட்ட பிறகு வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வாசலினோ செதிலின் இடுக்குகளில் இறங்கும்படி தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் படலம் உண்ணியின் மூச்சை அடைத்துக் கொல்கிறது, பொருக்கையும் இளக்குகிறது. நம் மலையில் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள்ளேயே உறைந்து கிடக்கும். அதைக் கட்டியாக எடுத்து மேலே பூசினால் இடுக்கில் இறங்காது. வெந்நீரில் புட்டியை வைத்து உருக்கி, கை பொறுக்கும் சூட்டில் பூச வேண்டும். எண்ணெய் வயிற்று இறகில் வழியாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடித்துவைக்காது. அந்தக் கோழிக்கு உண்மையிலேயே குளிரும். அடையில் இருக்கும் கோழியானால் இன்னும் கவனம் தேவை: காலிலுள்ள எண்ணெய் முட்டை ஓட்டில் பட்டால் ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு உள்ளே கரு மடிந்துபோகும்.

இதை ஒரு நாள் செய்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. தோலின் ஆழத்தில் இருக்கும் உண்ணிகளும் அவற்றின் குஞ்சுகளும் தப்பிவிடும் என்பதால், வாரத்துக்கு இரண்டு முறையாவது, கால் வழவழப்பாகும்வரை பல வாரங்கள் தொடர வேண்டும். நொண்டும் கோழிக்கு மட்டும் பூசிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவதும் வீண் வேலை. கூட்டிலுள்ள எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் பூச வேண்டும். கம்புகளைக் கழற்றி, கொதிநீர் ஊற்றிச் சுரண்டி, வெயிலில் காயவைக்க வேண்டும். தூக்கி நின்ற பழைய செதில் உடனே படியாது. புதுச் செதில் வளர்ந்துதான் கால் பழைய நிலைக்கு வரும் என்பதால், மருந்து வேலை செய்யவில்லை என்று பாதியில் கைவிட்டுவிடக் கூடாது. முற்றிய நிலையில் கால்நடை மருத்துவர்கள் ஐவர்மெக்டின் மருந்தைப் பரிந்துரைப்பது உண்டு. அதை மருந்துக் கடையில் நாமே வாங்கி, மாட்டுக்குப் போடுவதில் கொஞ்சம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கக் கூடாது. கோழியின் எடைக்கு ஏற்ற அளவையும், எத்தனை நாள் அந்த முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். ஒரு ஆறுதல்: காலில் குடையும் இந்த உண்ணி மனிதர்களிடம் வாழாது, ஆகவே கோழியைத் தொட அஞ்ச வேண்டியதில்லை.

கோழியைக் கையில் எடுத்த பிறகு காலோடு நிறுத்திக்கொள்வது பெரிய இழப்பு. முதலில் நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். குளிருக்காக இறகைப் புடைத்துக்கொண்டு நிற்கும் கோழி பார்வைக்குக் கொழுத்ததாகத் தெரியும். கையை அடியில் கொடுத்தால்தான் எலும்பு கத்தி முனைபோல் துருத்துவது புரியும். அப்படி மெலிந்த கோழிக்குக் குடற்புழு இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, மாலையில் தீனிப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் அது காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் கல்லாகவோ தண்ணீர்ப் பைபோலவோ இருந்தால் செரிமானம் நின்றுவிட்டது என்று பொருள். எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளை வாயால் ஊதிப் பிரித்துப் பார்த்தால், வைக்கோல் நிறத்தில் வேகமாக ஓடும் பேன்களும், இறகின் அடித்தண்டில் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருக்கும் அவற்றின் முட்டைகளும் தெரியும். அதே இடத்தில் இறகு அழுக்கேறியதுபோல் கறுத்திருந்தால் அது இறகு உண்ணி. வெப்பக் காலத்தைவிடக் குளிர் காலத்தில்தான் இந்த உண்ணி கோழியின் உடலில் அதிகமாகப் பெருகுகிறது.

கொண்டை வெளுத்துக் காணப்பட்டால், கோழியை மட்டும் பார்க்காமல் கூட்டையும் பார்க்க வேண்டும். பகலில் மரப் பிளவுகளில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் வந்து இரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணி, கோழியின் உடலில் எவ்வளவு தேடினாலும் பகலில் அகப்படாது. இரவில் ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். சிவப்புத் தீற்றல் விழுந்தால் அது இருக்கிறது. உணவில்லாமல் பல மாதங்கள், அதுவும் குளிர்ந்த சூழலில் இன்னும் நீண்ட காலம், உயிரோடு காத்திருக்கும் பூச்சி அது. எனவே சில வாரங்கள் காலியாகக் கிடந்த கூடு தூய்மையான கூடு ஆகிவிடாது. இது மனிதரையும் கடித்து அரிப்பு உண்டாக்கும். பிளவுகளில் கொதிநீர் ஊற்றி, காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிப்பது நம் பெரியவர்கள் செய்துவந்த நல்ல வேலை. அதை மீண்டும் தொடங்க வேண்டும்.

கூட்டைப் பற்றிப் பேசும்போது என் மனதை மிகவும் வருத்தும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். குளிர் தொடங்கியதும் அக்கறையின் பேரில் கூட்டைச் சுற்றித் தார்ப்பாயையும் உரச் சாக்கையும் கட்டி, ஒரு ஓட்டைகூட இல்லாமல் அடைத்துவிடுகிறார்கள். கோழியின் எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மூச்சிலும் ஈரம் வெளியேறுகிறது. வழியில்லாத அந்த ஈரம் கூரைத் தகரத்தில் குளிர்ந்து, விடியற்காலையில் கோழியின் முதுகிலேயே சொட்டுகிறது. நனைந்த கூளத்திலிருந்து எழும் அமோனியா, கண்ணையும் மூச்சுக் குழாயையும் அரிக்கிறது. முகம் வீங்கி, மூக்கிலிருந்து நாற்றமுள்ள சளி வடிவதும், இரவில் கூட்டின் அருகில் நின்றால் கர்கர் என்ற ஒலி கேட்பதும் இதன் தொடர்ச்சிதான். காலையில் கூட்டைத் திறந்து, கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவெல்லாம் அதன் கண் எரிந்திருக்கிறது. காற்று கோழியின்மேல் நேராக அடிக்கக் கூடாது. ஆனால் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, ஈரம் வெளியேற இடம் இருந்தே ஆக வேண்டும். சில்வர் ஓக் மரத்தூள் நம் மலையில் கிடைக்கும் நல்ல கூளம். அதை ஒரு சாணுக்குக் குறையாமல் பரப்பி, நனைந்த பகுதியை உடனுக்குடன் அள்ளிவிட்டால் பாதித் தொல்லை நீங்கும். இரும்புக் குழாயைக் கம்பாக வைப்பவர்கள் அதை எடுத்துவிட்டு, இரண்டு அங்குல அகலமுள்ள மரச் சட்டத்தைத் தட்டையாக வைத்தால், உட்காரும்போது வயிற்று இறகு விரல்களை முழுவதுமாக மூடிக்கொள்ளும். பள்ளத்தில் கூடு அமைக்க வேண்டாம்; தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும், உறைபனியும் அங்கேதான் முதலில் விழும் என்பது தேயிலை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த செய்திதான். கூட்டுக்குள் கரி அடுப்பு வைப்பதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மூடிய அறையில் கரி மூட்டிக் குளிர் காய்ந்தவர்கள் உயிரிழந்த செய்திகளை இந்த மாவட்டத்து மக்கள் அறிவார்கள். அதே நச்சுப் புகைதான் கோழியையும் கொல்லும்.

புழுதிக் குளியலுக்கு, கூரையுள்ள ஒரு மூலையில் பழைய பேசினிலோ பெட்டியிலோ உலர்ந்த மண்ணும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து வைத்தால் போதும். சாம்பல் நனையாமல் இருக்க வேண்டும். நனைந்த சாம்பல் காரமாகித் தோலை அரிக்கும், ஏற்கெனவே புண்ணான காலுக்கு அது பெரும் வேதனை.

முட்டை குறைவதை மட்டும் நோய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றாக முட்டையிடக் கோழிக்கு நாளொன்றுக்கு 14 மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் வேண்டும். மார்கழியில் நமக்குக் கிடைப்பது சுமார் 11½ மணி நேரம். பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் கோழியும் முட்டையை நிறுத்தும். தன் உடலைச் சூடாக வைத்திருக்கவே கூடுதல் தீனி தேவைப்படும் காலம் இது. மாலையில் அடையும்முன் ஒரு கைப்பிடி மக்காச்சோள நொய்யும், காலையில் உறையாத தண்ணீரும் கொடுத்துவிட்டு, முட்டைக்குப் பொறுத்திருக்கலாம். முட்டை இடவில்லை என்பதற்காக இளம் கோழியை அறுத்துவிட்ட வீடுகள் உண்டு. அவை தை முடிந்ததும் மீண்டும் முட்டையிட்டிருக்கக் கூடியவை.

இனி, துறையினரிடமும் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கோழிக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமை இரு வாரங்கள் ஊர் ஊராக நடத்துகிறது. வெயில் தொடங்கும்முன் பாதுகாப்பு தரும் அந்த ஏற்பாடு சமவெளிக்கு மிகவும் பொருத்தமானது. வெள்ளைக் கழிச்சல் என்றும் சொல்லப்படும் அந்த நோயால் ஒரே வாரத்தில் கூடு முழுவதும் காலியாவதை அது தடுத்துவருகிறது என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மலைக் கிராமங்களில் கோழிகள் நலிவுறுவது டிசம்பரிலும் ஜனவரியிலும். முகாம் வரும்போது நலிந்தவை பல இறந்திருக்கும். நீலகிரிக்கு மட்டுமாவது, மழைக்கும் உறைபனிக்கும் முன்பாக, அக்டோபர் மாதத்தில் ஒரு சுற்று நடத்துவதைத் துறை பரிசீலிக்க வேண்டும். முகாமில் ஒவ்வொரு கோழியும் ஒருவர் கையில் பிடிக்கப்பட்டே தீரும். ஊசி போடும் அந்த ஒரு நிமிடத்தில் காலைத் திருப்பிப் பார்த்து, செதில் தூக்கியிருந்தால் உரிமையாளரிடம் அங்கேயே காட்டிவிட்டால், தனியாக ஒரு பயிற்சி வகுப்பு நடத்துவதைவிட அது அதிகப் பயன் தரும். ஒருமுறை தன் கோழியின் காலிலேயே கண்ட பெண், மறுமுறை தானே பார்ப்பாள்.

மானிய விலையில் நாட்டுக் கோழிக் குஞ்சு பெறும் பெண்களுக்குக் கொடுக்கப்படும் அறிவுரைகளும் பெரும்பாலும் வெப்பத்தை எண்ணி எழுதப்பட்டவையாகவே எனக்குத் தெரிகின்றன. காற்றோட்டமும் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் சமவெளிக்குச் சரி. இங்கே தேவைப்படுவது உலர்ந்த கூளம், மேலே மட்டும் காற்று வழி, மாலைத் தீனி, வாரம் ஒருமுறை கால் பார்த்தல். இவற்றை ஒரு பக்கத்தில் அடக்கித் தமிழில் அச்சிட்டு, கால்நடை மருந்தகங்களிலும் நியாயவிலைக் கடைகளிலும் ஒட்டிவைப்பது பெரிய செலவு அல்ல. உதகை வானொலி நிலையம் தன் வேளாண் நிகழ்ச்சிகளில் இதற்குச் சில நிமிடங்கள் ஒதுக்கினால், தேயிலை பறித்துக்கொண்டே கேட்கும் பெண்களுக்கும் போய்ச் சேரும்.

ஓரிரு நாட்களுக்குள் பல கோழிகள் ஒன்றாக இறந்தால், இங்கே நான் எழுதியிருக்கும் கைவைத்தியம் எதுவும் பொருந்தாது. அண்டை மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் தெரியவரும்போதெல்லாம் நம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் கண்காணிப்பு தொடங்குவதைப் பார்க்கிறோம். இறந்தவற்றைச் சமைக்காமல், ஓடையில் எறியாமல், வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கால்நடைகளுக்கான 1962 என்ற அவசர அழைப்பு எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில், உறைபனி விழுந்த பிறகு அல்லாமல் புரட்டாசியிலேயே, கூட்டைத் தயார் செய்வது பற்றியும் காலைப் பார்ப்பது பற்றியும் ஒரு கட்டுரையைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு வாங்கி, நலமான கால், உண்ணி பிடித்த கால் ஆகிய இரண்டின் படங்களையும் அருகருகே வைத்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத பாட்டிகளும் அந்தப் படத்தைப் பார்த்துத் தங்கள் கோழியை எடுத்துப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.